நூற்றிருபதாம் நாள்

விருதுநகர்
20.6.2024

அன்புத் தங்கை ஹஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் கறி தீர்ந்துவிட்டது, அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறிவிட்டது. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளை சாபிரும் சுகம்தானே?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. வேறு வழியில்லை. போன ரமலானில் வேதத்தையும் விஞ்ஞானத்தையும் வைத்து நாம் போனில் போட்ட சண்டையை அம்மா இன்னும் மறக்கவில்லை. "இனிமே ரெண்டு பேரும் போன்ல அந்தப் பேச்சை எடுத்தீக, போனைத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்" என்று சொன்னது சொன்னதுதான். எழுதிக்கொள்ளத் தடை இல்லை என்று நேற்று அனுமதி வாங்கிவிட்டேன். புரூஃப் தாள்களை எப்படியும் பார்சலில்தான் அனுப்ப வேண்டும், கூடவே கடிதமும் வரட்டும்.

விஷயம் இதுதான். நம் சிவகாசி பிரஸ்ஸுக்கு இந்த சீசனில் ஒரு பெரிய ஆர்டர். ஏழெட்டு ஊர் ஜமாஅத்துகள் சேர்ந்து போடுகிற 2025 தினசரி காலண்டர். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் ஒரு குறிப்பு வரும். அதில் நாற்பது தாளுக்கு ‘தாயின் வயிற்றில் மனிதன்: வேதம் சொன்னதும் விஞ்ஞானம் கண்டதும்’ என்று நானே எழுதிவிட்டேன். நீ காலேஜில் பதினான்கு வருடமாகக் கருவியல் நடத்துகிறவள். தப்பு இருந்தால் திருத்து. இல்லாவிட்டால் பாராட்டு.

மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்லவும்.

உன் அண்ணன்
ஜாபர் சாதிக்


திருச்சி
2.7.2024

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே நானும் அவரும் நலம். அவருடைய குழாய்க் கடையில் ஆடி வருவதற்குள் பாதிச் சரக்கு போய்விட வேண்டுமாம், அந்தக் கவலையைத் தவிர வேறு கவலை இல்லை. அம்மாவை இனிப்பைத் தொட விடாதீர்கள்.

பாராட்ட ஒன்றும் அகப்படவில்லை, மன்னியுங்கள். முதல் தாளிலேயே, வேதத்தில் வரும் சொல்லை எடுத்து, ‘அலகா என்றால் இரத்தக் கட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். கரு எந்தக் கட்டத்திலும் இரத்தக் கட்டியாக இருப்பதில்லை. ஒட்டிக்கொண்டு தொங்குவது என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறார்கள். கர்ப்பப்பையின் சுவரில் கரு போய் ஒட்டிக்கொள்வது உண்மை என்பதால் அப்படி எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் அட்டைப்பூச்சி படம் போட்டு, ‘அச்சு அசல்’ என்று ஆச்சரியக்குறி மூன்று வைத்திருப்பதை எடுத்துவிடுங்கள். என் மாணவிகள் பார்த்தால் என் மானம் போய்விடும்.

நானும் ஐந்து வேளை தொழுகிறவள்தான். ஒரு துளியாக இருந்த உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது யார் என்று வேதம் கேட்கிறது. அந்தக் கேள்வி எனக்குப் போதும். என்னுடைய பாடப்புத்தகமோ பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. மாறுகிற புத்தகத்திடம் போய் வேதத்துக்கு ஏன் சர்டிபிகேட் கேட்கிறீர்கள் என்பதுதான் போன ரமலானிலும் நான் கேட்டது.

மற்ற திருத்தங்கள் சிவப்பு மையில். ஒட்டியிருக்கும் சின்னக் கவர் பைரோஜா மதினிக்கு. அதை நீங்கள் பிரிக்கக் கூடாது.

தங்கள் தங்கை
ஹஸ்னா

(சின்னக் கவரில்)

மதினி, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அல்லாஹ் கண் திறந்திருக்கிறான். ட்ரீட்மெண்டில்தான். கருவை உள்ளே வைப்பதற்கு முன்னால், அதன் ஐந்தாம் நாளில், திரையில் காட்டினார்கள். பாடம் நடத்தும்போது ஆயிரம் தடவை கரும்பலகையில் வரைந்த படம்தான், ஆனால் அன்றைக்குக் கண்ணீரில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நேற்று இதயத் துடிப்பும் கேட்டுவிட்டோம். ஐந்து மாதம் முடிகிற வரை அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தெரிய வேண்டாம். போன இரண்டு தடவையும் சொல்லிவிட்டு, தங்காமல் போனதும் எல்லோருக்கும் ஆறுதல் சொல்லி அலுத்துவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.


விருதுநகர்
25.7.2024

அன்புள்ள ஹஸ்னா,

அல்லாஹ்வின் அருளால் அனைவரும் சுகம். அம்மாவின் சர்க்கரை இறங்கியிருக்கிறது, என்னுடைய ரத்த அழுத்தம்தான் உன் சிவப்பு மையைப் பார்த்து ஏறியது.

அட்டைப்பூச்சியை எடுத்துவிட்டேன். ஆச்சரியக்குறியில் ஒன்றை மட்டும் விட்டுவை, எனக்கும் ஓர் ஆசை இருக்காதா? ஆனால் எலும்பு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். முதலில் எலும்பு, பிறகு அதற்குச் சதையைப் போர்த்தினோம் என்று வேதத்தில் இருக்கிறது. அப்படியே எழுதியிருக்கிறேன். நீ அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறாய். படித்துப் படித்து உனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்.

உன் மதினிக்கு என்ன எழுதினாய்? அன்றிலிருந்து அவள் தனக்குத் தானே சிரிக்கிறாள். கேட்டால் "பொம்பளைக சமாச்சாரம், போங்க அங்கன" என்கிறாள். புடவைச் சீட்டு ஏதும் போடுகிறீர்களோ?

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட வேண்டும், ஊரே பரபரப்பாக இருக்கிறது. உடனே பதில் போடு.

ஜாபர் சாதிக்


திருச்சி
12.8.2024

அன்பு அண்ணனுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆசை. அவர் தினமும் மாதுளம்பழம் வாங்கி வந்து குவிக்கிறார், தின்று மாளவில்லை.

எலும்பும் தசையும் ஒரே படலத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. முதலில் வருவது குருத்தெலும்பு, அது கெட்டிப்படுவதற்கு வெகுநாள் முன்பே சுற்றிலும் தசை வந்துவிடும். ‘நவீன விஞ்ஞானம் இதை அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டது’ என்ற வாக்கியம் தவறு. வேதத்தில் உள்ளதை உள்ளபடி போடுங்கள், பக்கத்தில் விஞ்ஞானம் சொல்வதையும் உள்ளபடி போடுங்கள். இரண்டையும் இழுத்துப் பிடித்து ஒரே தையலில் தைக்காதீர்கள். இது எதிர்த்துப் பேசுவதற்காகச் சொல்வதல்ல. இப்போதெல்லாம் அந்த வசனத்தின் கடைசிப் பகுதியை ஓதும்போது, பின்னர் அவனை வேறொரு படைப்பாக ஆக்கினோம் என்ற இடத்தில், எனக்கு அழுகை வருகிறது. எந்த விஞ்ஞானத்துக்காகவும் வருவதில்லை.

மதினியின் சிரிப்பை நிறுத்த முயல வேண்டாம். புடவைச் சீட்டேதான்.

ஹஸ்னா


விருதுநகர்
30.8.2024

என் அன்புத் தங்கைக்கு,

ஸலாம். யாவரும் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எலும்பு வாக்கியத்தை அடித்துவிட்டேன். நீ அழுகிறாய் என்று எழுதியதற்காகத்தான் அடித்தேன், தோற்றுப்போனதாக நினைத்துவிடாதே.

இத்துடன் முப்பத்தெட்டாவது தாளின் புரூஃப். இதுதான் என் தொடரின் சிகரம். நாற்பது நாள் துளி, நாற்பது நாள் ஒட்டிக்கொண்டது, நாற்பது நாள் சதைத்துண்டு, நூற்றிருபது நாள் ஆனதும் மலக்கு என்கிற வானவர் வந்து ரூஹை, அதாவது உயிரை, ஊதுகிறார் என்கிற நபிகளின் ஹதீஸை எடுத்துக்கொண்டேன். கர்ப்பிணிகள் ஸ்கேன் சீட்டில் உள்ள வாரத்தோடு ஒத்துப் பார்க்கும்படி ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். 120 நாள் என்றால் 17 வாரமும் ஒரு நாளும். காலண்டர்காரனுக்கு நாள் கணக்கா தெரியாது? பார்த்துவிட்டு ஒரே வரியில் சரி என்று எழுதி அனுப்பு.

ஜாபர் சாதிக்


விருதுநகர்
21.9.2024

ஹஸ்னா,

ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? மீலாதுக்குப் போன் போட்டபோது உன் குரலே சரியில்லை. காய்ச்சல் என்று மாப்பிள்ளை சொன்னதாக அம்மா சொன்னார்கள். இந்தச் சீசன் காய்ச்சல் சாத்தூரிலிருந்து இங்கே வரைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நிலவேம்பு குடி.

மற்ற தாளெல்லாம் அச்சாகிவிட்டது. முப்பத்தெட்டு மட்டும் உனக்காக நிற்கிறது. ஒரு வரி எழுத மூன்று வாரமா? படித்தவர்களிடம் வேலை சொன்னால் இதுதான் பாடு.

ஜாபர் சாதிக்


திருச்சி
1.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இப்போது காய்ச்சல் இல்லை. அம்மாவும் பிள்ளைகளும் நலமா?

38ஆம் தாளில் உள்ள கட்டம் தவறு. மருத்துவர்கள் வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்த நாளில் கரு என்று ஒன்றே கிடையாது. அது உருவாவது சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே கருவின் உண்மையான வயது வேண்டுமானால் ஸ்கேன் சீட்டு சொல்வதிலிருந்து பதினான்கு நாளைக் கழிக்க வேண்டும். 120 நாள் நிறைவது 17 வாரம் 1 நாளில் அல்ல, 19 வாரம் 1 நாளில்.

உதாரணம்: ஆஸ்பத்திரிச் சீட்டில் 18 வாரம் 1 நாள் என்று இருந்தால் உங்கள் கட்டப்படி 127 நாள், எல்லை தாண்டிவிட்டது. ஆனால் கருவின் வயது 113 நாள்தான். நூற்றிருபதுக்கு ஏழு நாள் குறைவு.

உங்கள் கட்டத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று நான்கைந்து நாள் யோசித்தேன். விட முடியவில்லை. தவறு தவறுதான்.

கவர் மதினிக்கு.

ஹஸ்னா

(சின்னக் கவரில்)

மதினி, செப்டம்பர் 14ஆம் தேதி போய்விட்டது. 18 வாரம் 1 நாள். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரியிலேயே அப்புறப்படுத்திவிடலாமா, நீங்கள் எடுத்துப்போகிறீர்களா என்று கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் படுத்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினேன். லேப் சீட்டில் கரு உருவான நாள் இருக்கிறது, எனக்குக் கணக்குத் தப்பாது. 113. "இன்னும் ரூஹ் வரலை, அவங்களே எடுத்துக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நீங்களும் யாரிடமும் பேச வேண்டாம்.


விருதுநகர்
7.10.2024

அருமைத் தங்கைக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். உன் மதினிக்குத்தான் இரண்டு நாளாகத் தலைவலி, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கிறது.

நீ பெரிய ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பதினான்கு நாள் விஷயம் இந்த ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாது. நம் ஜமாஅத் செயலாளர் உதுமான் பாயிடம் காட்டினேன், மனிதர் அசந்துபோனார். உன் உதாரணம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே கட்டத்துக்குக் கீழே போட்டுவிட்டேன். ‘18 வாரம் 1 நாள் = 113 நாள். ரூஹ் இன்னும் ஊதப்படவில்லை.’ கடைசி வாக்கியம் மட்டும் என் கைச்சரக்கு. மிஷினிலிருந்து ஈரத்தோடு எடுத்த தாள் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பதாயிரம் வீட்டுச் சுவரில் உன் உதாரணம் தொங்கப்போகிறது!

இந்த ஆச்சரியக்குறியை நீ எடுக்க முடியாது.

ஜாபர் சாதிக்


விருதுநகர்
5.11.2024

என் பிள்ளை ஹஸ்னாவுக்கு,

ஸலாம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. சுகமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பிரஸ்ஸில் தேதித் தாள்களை வரிசையாக அடுக்கிக் கட்டுகிற பகுதியில் சோலையம்மாள் என்று ஓர் அம்மா இருக்கிறார். முன்பு எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனியில் இருந்தவர். தாளை அடுக்கும்போதே பின்பக்கத்தைப் படித்துவிடுவார், எழுத்துப்பிழை பிடிப்பதில் உன்னை மாதிரி. தீபாவளி லீவு முடிந்து வந்தவர் முப்பத்தெட்டாம் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "மொதலாளி, நூத்தி இருவது நாளைக்கு முந்தி உசுரு இல்லேன்னு போட்டிருக்கீக. கம்பெனியில கெடக்கையில எனக்கு ஒண்ணு மூணாம் மாசத்துல போச்சு. உசுரு இல்லாததுக்கா நான் அம்புட்டு அளுதேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் தேவலை என்பது போலக் கேட்டார். அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பைரோஜாவிடம் இதைச் சொல்லி, தாளையும் காட்டினேன். அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கட்டத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். "இதை அச்சிலயா போட்டீக? இது யாரு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். உன் இரண்டு கவரும் வெளியே வந்தன. அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் பிள்ளையை நான் உதாரணமாக்கிவிட்டேன், ஹஸ்னா. கூடவே ரூஹ் இல்லை என்று என் கைச்சரக்கையும் சேர்த்து, ஈரத் தாளை உனக்கே அனுப்பியிருக்கிறேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

இன்று காலை பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நாள் கணக்கை மட்டும் சொன்னேன். அவர் கேட்டதே வேறு. "விரல் தெரிஞ்சுச்சா?" என்றார். பிறகு, "ரூஹ் என்னைக்கு வந்துச்சுங்கிறது படைச்சவனுக்குத் தெரிஞ்ச விஷயம். அதுல வேற ஹதீஸ் அறிவிப்பும் இருக்கு, நாப்பத்திரண்டு நாள்லயே மலக்கு வர்றதா. நம்ம மத்ஹபுச் சட்டத்துல அடக்குறதுக்குப் பாக்குறது உறுப்பைத்தான். விரலோ நகமோ ஒண்ணு தெரிஞ்சாலும் அது பிள்ளை. குளிப்பாட்டி, துணியில சுத்தி, பேரு வச்சு அடக்கணும். தொழுகை மட்டும் இல்லை" என்றார். உன் பாடத்தில் விரல் எப்போது வரும் என்று நான் உன்னிடம் கேட்கவே இல்லை. நாளை எண்ணுவதிலேயே இருந்துவிட்டோம், நான் இங்கே, நீ அங்கே.

முப்பத்தெட்டாம் தாளை நிறுத்திவிட்டேன். கட்டிய கட்டுகளை எல்லாம் பிரிக்கிறார்கள். கட்டம் இல்லாமல், உதாரணம் இல்லாமல், ஹஸ்ரத் சொன்னதை மட்டும் போட்டு மறுபடி அடிக்கிறேன். பிரிப்பதற்கு முன்னால் சோலையம்மாளிடம் புதுத் தாளைப் படித்துக் காட்டினேன். "இது சரி" என்றார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று எழுது. விரல் இருந்ததா?

உன் அண்ணன்


திருச்சி
16.11.2024

அன்பு அண்ணனுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நேற்று முதல் உண்மையாகவே கொஞ்சம் சுகம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஈரத் தாளைப் பார்த்தபோது இருந்தது, மறைக்கவில்லை. நான்கு நாள் சாப்பிடவில்லை. ஆனால் அந்த உதாரணத்தை எழுதியது நான். ‘ரூஹ் இல்லை’ என்பதையும் உங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் சொல்லிவிட்டேன்.

விரல் இருந்தது அண்ணே. கையிலும் காலிலும் எல்லாம் சரியாக இருந்தன. நர்ஸ் தூக்கும்போது ஒரு நொடி பார்த்தேன். விரல்கள் ஏழெட்டு வாரத்திலேயே பிரிந்துவிடும், நகம்கூட ஆரம்பித்திருக்கும். இதை வருடா வருடம் நடத்துகிறவள் நான். அன்றைக்குப் பார்த்ததைப் பார்க்காதது மாதிரி நாளை எண்ணினேன். பிள்ளை என்று ஒப்புக்கொண்டால் தாங்க முடியாது என்று பயந்து எண்ணினேன். அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோமே என்பதுதான் இந்த இரண்டு மாதமும் என்னைத் தின்றது. உங்கள் கடிதம் வந்ததும் இன்னும் பயமாகிவிட்டது. விரல் தெரிந்தால் அடக்கியிருக்க வேண்டும், நாங்கள் அடக்கவில்லையே.

ஒரு வாரம் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது கொடுத்தேன். அவர் மெதுவாகத்தான் படிப்பார். படித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அவங்ககிட்ட கொடுக்கலை ஹஸ்னா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டீர்களே என்றேன்.

"நான் எடுத்துட்டுப் போறேன்னுதான் கையெழுத்துப் போட்டேன். நீ வேண்டாம்னு சொன்னே, சரி. ஆனா நான் கையைப் பார்த்துட்டேன். பார்த்த பிறகு எப்படிக் கொடுக்கிறது?"

ஆஸ்பத்திரியில் ஒரு அறையைக் கேட்டு வாங்கி, அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். புதுக் கைலி ஒன்றைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார். கடையில் வேலை செய்கிற பர்ஹத்தை வரச்சொல்லி, இரண்டு பேருமாக கபரஸ்தானுக்குக் கொண்டுபோய் அடக்கியிருக்கிறார்கள். எந்தச் சட்டமும் அவருக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ நாள் எண்ணித்தான் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தே. அதைக் கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்" என்றார். ஒன்பது வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன். நேற்று அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுத மாதிரி என்றைக்கும் அழுததில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்டோவில் போனோம். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இங்கேயும் இல்லை. நான் வாசலில் ஆட்டோவிலேயே இருந்தேன். அவர் உள்ளே போய், வேப்பமரத்தைத் தாண்டி ஓர் இடத்தில் நின்று, இதுதான் என்று கையைக் காட்டினார். எனக்கு அங்கிருந்தே நன்றாகத் தெரிந்தது.

ஆணா பெண்ணா என்று அவர் பார்க்கவில்லையாம். இரண்டுக்கும் பொருந்துகிற பெயராக யோசித்து இனாயத் என்று வைத்தாராம். குழியை மூடும் முன் காதருகே குனிந்து சொன்னாராம்.

மதினிக்கு என் ஸலாம். சோலையம்மாளுக்கும் சொல்லுங்கள். அம்மாவிடம் இனி மறைக்க வேண்டாம். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு இனாயத் என்று ஒரு பேரப்பிள்ளை திருச்சியில் அடங்கியிருக்கிறது, துஆச் செய்யுங்கள் என்று சொல்லுங்கள். எத்தனை நாள் பிள்ளை என்று கேட்டால், ஹஸ்னாவுக்குத் தெரியாதாம் என்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் தங்கை
ஹஸ்னா